டின்னைத் திறந்ததும் வரும் வாசம்: டப்பா உணவும் பழைய நினைவும், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டின் மீன், கண்டென்ஸ்டு மில்க், டப்பா அன்னாசி, பால் பவுடர், ஜாம், ஊறுகாய். இவற்றைப் பற்றிப் பேச்சு எடுத்தால் சிலர் "அதெல்லாம் ஒரு சாப்பாடா?" என்று முகம் சுளிப்பார்கள். சிலருக்கு உடனே கண் மலர்ந்துவிடும். நான் இரண்டாவது வகை. எங்கள் அம்மா டின் மீன் சமைக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்தவள். டின் உணவு புதிய உணவுக்குப் பதிலாக வைக்கிற மட்டமான சாமான் என்ற எண்ணத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. அது தனி உணவு, அதற்குத் தனி ருசி, சமைக்கும் முறையும் தனி. நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் பல வருடங்களாகக் கேட்டு வரும் கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

எல்லாம் புதிதாகக் கிடைக்கிறது. அப்படியும் டின் உணவுக்கு ஏன் மனம் ஏங்குகிறது?

முதல் காரணம் மூக்கு. பார்ப்பதும் கேட்பதும் மூளைக்குள் பல நிலையங்களைத் தாண்டித்தான் உள்ளே போகின்றன. வாசனை அப்படியில்லை. மூக்கிலிருந்து வரும் செய்தி, உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கும் பகுதிகளுக்குக் கிட்டத்தட்ட நேராகவே போய்ச் சேர்கிறது. அதனால்தான் ஒரு வாசம் எட்டியதும், எந்த வீடு, எந்த அடுப்பு, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதெல்லாம் நாம் யோசிக்கும் முன்பே வந்து நிற்கிறது.

இரண்டாவது காரணம் டின்னுக்கே உரியது. சந்தையில் வாங்கும் தக்காளி இன்று புளிக்கும், நாளை சப்பென்று இருக்கும். மீனும் அப்படித்தான், ஒரு நாள் கொழுப்பு ஏறியிருக்கும், ஒரு நாள் இருக்காது. டின் அப்படி மாறாது. ஒரே கம்பெனி, ஒரே பக்குவம், ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய அதே ருசி. சின்ன வயதில் ஐம்பது தடவை சாப்பிட்டிருந்தால், ஐம்பது தடவையும் அதே ருசி ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்திருக்கும். புதிய மீன் குழம்பைப் பற்றிய நம் நினைவு பல குழம்புகள் கலந்த ஒன்று. டின் மீனின் நினைவு கூர்மையாக ஒரே இடத்தில் நிற்கிறது.

மூன்றாவது, டின் எப்போது திறக்கப்பட்டது என்பது. பெரும்பாலான வீடுகளில் அது அன்றாடம் வெளியே வராது. மழை விடாத நாள், மாதக் கடைசி, அம்மாவுக்கு உடம்பு முடியாத நாள், எதிர்பாராமல் விருந்தாளி வந்த நாள். வீடே கொஞ்சம் தடுமாறும் நேரத்தில், அலமாரியிலிருந்து ஒரு டப்பா இறங்கி எல்லோருக்கும் சாப்பாடு ஆகிவிடும். பயம் போன அந்த நிம்மதியும் ருசியோடு சேர்ந்து பதிந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். வெளியூர், வெளிநாடு போய்த் தனியாகச் சமைத்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும்.

நம் ஏக்கத்துக்கு மேல்நாட்டில் பெயர் வைத்த கதை ஒன்று உண்டு. 1688-இல் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர், வீட்டைப் பிரிந்தவர்கள் படும் வேதனையை ஒரு நோயாகவே வகைப்படுத்தி, அதற்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயரிட்டார். இன்று யாரும் அதை நோய் என்று சொல்வதில்லை. ஆனால் அது உடம்பில் தெரியும் ஒன்று என்று அவர் கண்டது சரிதான். டின்னைத் திறந்ததும் வாயில் எச்சில் ஊறுவதும் தொண்டை அடைப்பதும் எனக்கு ஒரே நேரத்தில் நடக்கும்.

அந்த 'டின் வாசம்' தகரத்திலிருந்தா வருகிறது?

பெரும்பாலும் இல்லை. அது சமையலின் வாசம்.

வீட்டில் சமைக்கும்போது பாத்திரத்தைத் திறந்து திறந்து பார்க்கிறோம், ஆவி வெளியே போகிறது. டின்னில் முறை தலைகீழ். உணவைப் போட்டு, காற்றை நீக்கி, மூடியை இறுக்கி மடித்து அடைத்த பிறகுதான் முக்கியமான வேகல் நடக்கிறது. மீன், பட்டாணி, பால் போன்ற புளிப்பில்லாத உணவுகளை, அழுத்தக் கொதிகலனுக்குள் வைத்துச் சுமார் 116 முதல் 121 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். வெளியேற வேண்டிய வாசனை எல்லாம் போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. டின் சோளத்தைத் திறந்ததும் எழும் அந்த இனிப்புக் கலந்த வாசம் கந்தகம் சேர்ந்த ஒரு சேர்மத்தினுடையது. டின் தக்காளியின் வாசத்திலும் அதற்குப் பங்கு உண்டு.

அப்புறம் இன்னொன்று. வெப்பம் டின்னின் நடுப்பகுதி வரை போய்ச் சேர வேண்டும். நடுவில் இருக்கும் துண்டு தேவையான அளவு வேகும்போது, ஓரத்தில் இருப்பது அதைவிட அதிகமாகவே வெந்துவிடும். கெட்டியான உணவு என்றால் பெரிய டப்பாவுக்கு இன்னும் கூடுதல் நேரம். அதனால் ஒரே சரக்கு சின்ன டப்பாவில் ஒரு ருசியாகவும் பெரிய டப்பாவில் ஒரு ருசியாகவும் இருப்பதுண்டு.

டின்னில் வரும் இனிப்புச் சேர்க்காத கெட்டிப் பால் லேசாகப் பழுப்பு நிறத்தில் இருப்பதும், கொஞ்சம் காய்ச்சிய மணம் வருவதும் இந்தச் சூட்டால்தான். பாலின் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து நிறம் மாறுகின்றன. பட்டாணியின் பச்சை மங்கி ஆலிவ் நிறமாவதும் சூட்டின் வேலையே. இலைப்பச்சைப் பொருளின் நடுவில் இருக்கும் மெக்னீசியம் கழன்றுவிடுவதால் அப்படி ஆகிறது. நிறம் போய்விட்டதே என்று வருந்துபவர்கள் உண்டு. எனக்கு அந்த மங்கிய பச்சையைப் பார்த்தால்தான் அது டின் பட்டாணி.

தகரத்தின் ருசி கொஞ்சம் சேர்வதும் உண்டு, ஆனால் சில பழங்களில் மட்டும். உணவு டப்பா உண்மையில் இரும்புத் தகடு, அதன்மேல் மெல்லிய வெள்ளீயப் பூச்சு. பெரும்பாலான டப்பாக்களில் அதற்கும் மேலே ஒரு அரக்குப் பூச்சு இருக்கும். அன்னாசி, பேரிக்காய் போன்ற வெளிர் நிறப் பழங்களுக்கு அரக்குப் பூசாமல் விடுவது வழக்கம். மிகச் சிறிதளவு வெள்ளீயம் கரைந்து, பழம் கருக்காமல் காக்கிறது. டப்பா அன்னாசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு சுரீர் இருக்குமே, அதில் இதற்கும் பங்கு உண்டு.

அதே பெயர், அதே படம். ஆனால் ருசி மாறிவிட்டதே, என் நாக்குதான் மாறிவிட்டதா?

இரண்டும் நடக்கும். வயது ஏற ஏற மோப்பமும் சுவையும் குறையும். ஆனால் உங்கள் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் குறைத்திருப்பார்கள், எண்ணெயை மாற்றியிருப்பார்கள், வேறு வகை மீனை அடைத்திருப்பார்கள். லேபிளின் பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்கத்துப் படம் அதே படமாக இருக்கும்போதே பின்பக்கத்தில் எல்லாம் மாறியிருக்கலாம்.

டப்பாவை விட்டுப் பைக்கு மாறியிருந்தால் ருசி கட்டாயம் மாறும். பை தட்டையானது, வெப்பம் சீக்கிரம் உள்ளே போய்விடும், அதனால் வேகவைக்கும் நேரம் குறைவு. உணவு புதியதுபோல இருக்கும். நல்லதுதான், ஆனால் நாம் தேடும் அந்த 'அதிகம் வெந்த' ருசி அதில் கிடைக்காது. பழைய ருசி வேண்டுமென்றால் டப்பாவில் வருவதையே வாங்குங்கள்.

இதை யார் முதலில் கண்டுபிடித்தார்கள்?

நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சு மிட்டாய்க்காரர். கண்ணாடிப் பாட்டிலில் உணவைப் போட்டு, தக்கையால் இறுக்கி அடைத்து, கொதிநீரில் வைத்து வேகவைத்தார். பல வருடச் சோதனைக்குப் பிறகு, முறையை எல்லோருக்கும் தெரியும்படி வெளியிட வேண்டும் என்ற நிபந்தனையோடு 1810-இல் பிரெஞ்சு அரசு அவருக்கு 12,000 ஃபிராங்க் கொடுத்தது. உணவு ஏன் கெடாமல் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. கிருமிகளைப் பற்றி லூயி பாஸ்டர் விளக்கியது அதற்குச் சுமார் ஐம்பது வருடம் கழித்து. ஒரு சமையல்காரரின் கையும் பொறுமையும் அறிவியலுக்கு முன்னால் போய்விட்டது என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

அதே 1810-இல் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகர டப்பாவுக்கும் சேர்த்துக் காப்புரிமை எடுத்தார். 1813 வாக்கில் பிரையன் டோன்கின் ஆலையின் டப்பாக்கள் கடற்படைக்குப் போகத் தொடங்கின. ஆனால் திறப்பதற்கென்று ஒரு கருவி அப்போது கிடையாது. 1824-இல் ஆர்க்டிக் பயணத்துக்குப் போன ஓர் இறைச்சி டப்பாவில், உளியும் சுத்தியலும் கொண்டு மேல்பக்கத்தை வெட்டுங்கள் என்றே எழுதியிருந்தது. இங்கிலாந்தில் 1855-இல் ராபர்ட் யேட்ஸ் திறப்பான் ஒன்றைச் செய்தார். அமெரிக்காவில் 1858-இல் எஸ்ரா வார்னர் காப்புரிமை பெற்றார். சக்கரம் வைத்துச் சுற்றித் திறக்கும் வகை 1870-இல் வில்லியம் லைமன் கொண்டுவந்தது. டப்பா வந்து நாற்பது வருடத்துக்கு மேல் கழித்துத்தான் திறப்பான் வந்தது!

எங்கள் வீட்டில் திறப்பான் இருந்தும் அம்மா கத்தியால்தான் திறப்பார். கத்தி முனையை விளிம்பில் வைத்து, பிடியில் உள்ளங்கையால் ஒரு தட்டு. 'டொக்' என்ற அந்தச் சத்தம் கேட்டால் நாங்கள் எங்கிருந்தாலும் சமையலறைக்கு வந்துவிடுவோம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், விரல் போய்விடும்.

டின் உணவில் சத்தே இருக்காது என்கிறார்களே?

பாதி மட்டுமே உண்மை. வைட்டமின் சி, சில பி வைட்டமின்கள் சூட்டில் குறைகின்றன. புரதம், நார்ச்சத்து, தாது உப்புகள், மீனின் நல்ல கொழுப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. சில விஷயங்களில் டின் முந்திக்கொள்கிறது. மத்தி போன்ற சிறு மீன்களின் முள் டின்னுக்குள் நன்றாக மிருதுவாகி, மீனோடு சேர்த்தே சாப்பிட வசதியாகிறது. முள்ளோடு உள்ள 100 கிராம் டின் மத்தியில் சுமார் 380 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும். தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைக்கோபீனும், பச்சையாகச் சாப்பிடுவதைவிட வேகவைத்துச் சிறிது எண்ணெயோடு சாப்பிடும்போதுதான் உடம்பில் நன்றாகச் சேர்கிறது.

கவனிக்க வேண்டியவை உப்பும் சர்க்கரையும். டின் கொண்டைக்கடலை, பீன்ஸ் போன்றவற்றை வடிகட்டித் தண்ணீரில் அலசினால் உப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைத் தவறாமல் செய்ய வேண்டும்.

டின் மீனை எப்படிச் சமைத்தாலும் கூழாகிவிடுகிறது. என்ன செய்வது?

அது ஏற்கெனவே வெந்த மீன். இதை மறந்து பச்சை மீனைப்போல நடத்துவதால்தான் கூழாகிறது.

முதலில் வெங்காயம், பூண்டு, மசாலா எல்லாவற்றையும் டின் இல்லாமலேயே முழுமையாகச் சமைத்து முடியுங்கள். வெங்காயம் நன்றாகச் சிவக்க வேண்டும். மசாலாவின் பச்சை வாசனை போக வேண்டும். எண்ணெய் ஓரத்தில் பிரிய வேண்டும். "இதை அப்படியே சோற்றில் போட்டுச் சாப்பிடலாம்" என்று தோன்றும் நிலை வந்த பிறகு டின்னில் உள்ள சாறை மட்டும் ஊற்றுங்கள். தக்காளிச் சாறில் அடைத்த மீன் என்றால் அந்தச் சாறை ஒருபோதும் கொட்டாதீர்கள். மீனின் பாதி ருசி அதில்தான் இருக்கிறது. சாறு கொதித்துச் சுண்டியதும் அடுப்பைக் குறைத்து, மீன் துண்டுகளை மேலே வரிசையாக வைத்து, மூடி, ஐந்து நிமிடம். கரண்டி போடவே கூடாது. சட்டியை இரண்டு கையாலும் பிடித்து மெல்லச் சுழற்றிக் கொடுத்தால் போதும்.

எண்ணெயில் அடைத்த மீன் என்றால் அந்த எண்ணெயிலேயே வெங்காயத்தை வதக்குங்கள். உப்பு நீரில் அடைத்தது என்றால் நீரைக் கொட்டிவிடலாம், அதில் ருசி குறைவு, உப்பு அதிகம்.

உப்பு கடைசியில்தான். டின்னிலேயே உப்பு இருக்கிறது. புளிப்பு மட்டும் டின்னில் எப்போதும் கொஞ்சம் குறைச்சல். எலுமிச்சையோ வினிகரோ இறக்கும்போது ஒரு சொட்டு விட்டால் மொத்தக் குழம்பும் விழித்துக்கொள்ளும்.

அம்மா ஒன்று செய்வார். காலி டப்பாவில் கால்வாசி தண்ணீர் ஊற்றி, கையால் மூடிக் குலுக்கி, அதையும் சட்டியில் ஊற்றுவார். சிக்கனத்துக்காகச் செய்கிறார் என்று பல வருடம் நினைத்திருந்தேன். நான் தனியாகச் சமைக்கத் தொடங்கியபோது அதை விட்டுவிட்டேன், குழம்பு எப்போதும் கொஞ்சம் தடித்தே வந்தது. குழம்பின் பதத்துக்கு வேண்டிய தண்ணீர் அளவே அந்தக் கால் டப்பாதான் என்று பிறகுதான் பிடிபட்டது. டப்பாவே அவருடைய அளவுக் கோப்பை.

மீன் டின்னில் கண்ணாடித் துண்டுபோல ஒன்று கிடந்தது. பயமாக இருக்கிறது.

பெரும்பாலும் அது ஸ்ட்ருவைட் என்ற படிகம். மீனில் இயல்பாக உள்ள மெக்னீசியம், அமோனியம், பாஸ்பேட் ஆகியவை சேர்ந்து உருவாகிறது, உடம்புக்குக் கெடுதல் இல்லை. சோதிக்க வழி இருக்கிறது. அந்தத் துண்டை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ போட்டுச் சில நிமிடம் சூடாக்குங்கள். ஸ்ட்ருவைட் கரைந்துவிடும், கண்ணாடி கரையாது. கரையவில்லை என்றால் டின்னை அப்படியே வைத்துக்கொண்டு கம்பெனிக்குத் தெரிவியுங்கள்.

எந்த உணவுக்கு டின் நல்லது, எதற்குப் புதியது நல்லது?

என் அனுபவத்தில் தக்காளி, கொண்டைக்கடலை, சிறு மீன்கள், அன்னாசி, சோளம் இவை ஐந்தும் டின்னில் தம் மரியாதையைக் காப்பாற்றிக்கொள்கின்றன. காளானுக்கு வழுவழுப்பு வந்துவிடுகிறது, ஆனால் சூப்பில் அந்த வழுவழுப்பே எனக்குப் பிடிக்கும். கீரை, பீன்ஸ் காய் போன்றவற்றைப் புதிதாகவே வாங்குவேன்.

டின் தக்காளி வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். முழுத் தக்காளியிலும் துண்டுத் தக்காளியிலும் உருக்குலையாமல் இருக்கக் கால்சியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் சில துண்டுகள் கரையாமல் மிதப்பதற்குக் காரணம் அதுவே. குழைந்த சாறு வேண்டுமென்றால் அது சேர்க்காததையோ அரைத்ததையோ வாங்குங்கள்.

அன்னாசிக்குத் தனிப் பெருமை உண்டு. புதிய அன்னாசியில் புரதத்தைச் சிதைக்கும் ஒரு நொதி இருக்கிறது. அதனால் ஜெலட்டின் உறையாது, பாலோடு சேர்த்தால் கசக்கும். டின்னின் சூட்டில் அந்த நொதி செத்துவிடுவதால், டப்பா அன்னாசி ஜெல்லியிலும் பாலிலும் அழகாகச் சேரும். பழைய விருந்துகளின் பழ இனிப்பை நீங்கள் புதிய அன்னாசி போட்டுச் செய்து பார்த்து வராமல் போயிருந்தால் காரணம் இதுதான்.

கொண்டைக்கடலை டின்னின் நீரைக் கொட்டும் முன் ஒரு நாள் அடித்துப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கரு மாதிரி நுரைத்துப் பொங்கும், முட்டை சேர்க்காத கேக்குக்கு உதவும்.

கண்டென்ஸ்டு மில்க் டின்னை மூடியோடு தண்ணீரில் போட்டு வேகவைத்தால் பழுப்பு நிறத்தில் கெட்டியாகுமே, அதைச் செய்யலாமா?

வேண்டாம். பலர் செய்கிறார்கள், பலருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தண்ணீர் வற்றி டப்பா வெளியே தெரிந்துவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி வெடிக்கும். சூடான சர்க்கரைப் பால் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். எனக்குத் தெரிந்த ஒரு சமையலறைக் கூரையில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது. அன்று யாரும் அடுப்பருகில் இல்லாதது பெரிய அதிர்ஷ்டம்.

பாலை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, இறுக்கமாக மூடி, ஆவியில் இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். இடையிடையே அடிநீர் வற்றாமல் பார்த்து, ஒரு தடவை கிளறிக்கொடுங்கள். அதே நிறம், அதே ருசி வரும். பாலும் சர்க்கரையும் சேர்ந்து மெல்ல வேகும்போது வரும் ருசி அது, அதற்கு மூடிய டப்பா தேவையே இல்லை.

கெய்ல் போர்டன் 1856-இல் அமெரிக்காவில் பாலைச் சுண்டவைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இனிப்புச் சேர்த்த பால் கெடாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் அதன் சர்க்கரை. கிட்டத்தட்ட பாதி சர்க்கரைதான். ஜாமும் அதே தத்துவம். கிருமிக்குத் தேவையான தண்ணீரைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்கிறது. உப்பிட்ட மீனிலும் ஊறுகாயிலும் அந்த வேலையை உப்பு செய்கிறது.

எந்த டப்பாவைக் கட்டாயம் தூக்கி எறிய வேண்டும்?

உப்பிய டப்பா. கசியும் டப்பா. திறந்ததும் பீய்ச்சி அடிக்கும் டப்பா. மேல் கீழ் விளிம்புத் தையலில் நசுங்கிய டப்பா, கூர்மையாக ஆழமாக மடிந்த டப்பா. துடைத்தாலும் போகாமல் அரித்துவிட்ட துரு.

இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். உயிரையே பறிக்கக்கூடிய பாட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமி காற்றில்லாத இடத்தில், புளிப்புக் குறைந்த உணவில் வளரக்கூடியது. அதன் நஞ்சுக்கு வாசனையோ ருசியோ இருக்க வேண்டிய கட்டாயமில்லை. "கொஞ்சம் நக்கிப் பார்த்துச் சொல்கிறேன்" என்று வீட்டுப் பெரியவர்கள் முன்வந்தால் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள்.

பக்கவாட்டில் லேசாகத் தட்டுப்பட்ட சின்னப் பள்ளம் பரவாயில்லை. உள்பக்கம் கருப்பாகத் தடம் தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். புரதத்தில் உள்ள கந்தகம் உலோகத்தோடு சேர்ந்து உண்டாகும் கறை அது.

தேதி முடிந்துவிட்டது, டப்பா நன்றாகத்தான் இருக்கிறது. சாப்பிடலாமா?

'இதற்கு முன் பயன்படுத்தினால் சிறந்தது' என்பது பெரும்பாலும் தரத்தைப் பற்றிய தேதி. தக்காளி, அன்னாசி போன்ற புளிப்பானவை ஒன்று ஒன்றரை வருடத்துக்குள் நல்லது. மீன், பயறு போன்றவை குளிர்ந்த உலர்ந்த இடத்தில் இரண்டு முதல் ஐந்து வருடம் வரை தாங்கும்.

1865-இல் மிசௌரி ஆற்றில் பெர்ட்ராண்ட் என்ற நீராவிக் கப்பல் மூழ்கியது. நூறு வருடம் கழித்து 1968-இல் அதைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே பீச் பழம், தக்காளி, சிப்பி என்று டப்பாக்கள். 1974-இல் சோதித்தபோது கிருமி எதுவும் வளர்ந்திருக்கவில்லை. மணமும் தோற்றமும் போயிருந்தன, வைட்டமின் ஏ-யும் சி-யும் வெகுவாகக் குறைந்திருந்தன, அவ்வளவுதான். அதற்காகப் பழைய டப்பாவைத் தேடிப் பிடித்துச் சாப்பிடச் சொல்லவில்லை. தேதி தாண்டிய அடுத்த நாளே நல்ல டப்பாவைக் குப்பையில் போட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

மிச்சத்தை டப்பாவிலேயே ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

கூடாது. திறந்ததும் காற்றுப் படுகிறது, வெள்ளீயமும் இரும்பும் உணவில் வேகமாகக் கரையத் தொடங்கும், முக்கியமாகப் புளிப்பானவற்றில். கண்ணாடியிலோ எவர்சில்வரிலோ மாற்றி மூடி வையுங்கள். மீன், பயறு மூன்று நான்கு நாள். தக்காளி, பழம் ஐந்து முதல் ஏழு நாள்.

வீட்டிலேயே பாட்டிலில் அடைத்து வைக்கலாமா?

ஜாம், எலுமிச்சை ஊறுகாய், புளிப்பான பழங்கள் என்றால் தாராளமாக. இவற்றுக்குக் கொதிநீர் போதும். அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இருந்தால் பாட்டுலிசக் கிருமி வளராது.

மீன், இறைச்சி, காய்கறி, பயறு வகைகளை வீட்டில் பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைக்காதீர்கள். அந்தக் கிருமியின் வித்துகள் கொதிநீரில் சாகாது. அதற்கென்றே அளவுமானி வைத்துச் செய்த அழுத்தக் கலனும், சோதித்து எழுதிய நேர அட்டவணையும் வேண்டும். நம் சமையலறைப் பிரஷர் குக்கர் அந்த வேலைக்கு ஆகாது. எண்ணெயில் போட்ட பச்சைப் பூண்டும் இதே ஆபத்து உள்ளதுதான். ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

சர்க்கரை குறைத்துச் செய்த ஜாம் பழைய ஜாம் அளவுக்கு நிற்காது. அதையும் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

பழைய காலிப் பால் பவுடர் டப்பாக்களைப் பாட்டி நினைவாக வைத்திருக்கிறேன். அதில் சாமான் போட்டு வைக்கலாமா?

பொத்தான், ஊசி நூல், கடிதங்கள் போட்டு வையுங்கள். உணவு வேண்டாம். பழைய டப்பாக்களின் பக்கத் தையலில் ஈயம் கலந்த பற்றுவைப்பு இருந்திருக்கலாம், பழைய வண்ணப்பூச்சிலும் ஈயம் இருக்கலாம். ஈயப் பற்றுவைத்த உணவு டப்பாக்களை அமெரிக்கா 1995-இல்தான் தடைசெய்தது.

அம்மா செய்த டின் மீனின் ருசி எனக்கு வரவே இல்லை. எப்படிக் கொண்டுவருவது?

முதலில் அதே டின்னைக் கண்டுபிடியுங்கள். எந்த மீன், சாறா எண்ணெயா, எந்த அளவு டப்பா. அப்புறம் சட்டி, அடுப்பின் வேகம், எப்போது மீன் உள்ளே போனது. சமைத்ததும் சாப்பிட்டீர்களா, மறுநாள் காலையில் சூடாக்கிச் சாப்பிட்டீர்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள். எனக்கு நினைவில் இருந்த ருசி மறுநாளுடையது என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருடம் ஆனது.

சமைத்தவர் இன்னும் இருந்தால் பக்குவம் கேட்காதீர்கள். "ஒன்றுமில்லை, எல்லாம் கண்ணளவுதான்" என்பார்கள். உண்மையாகவே அவர்களுக்கு அது சொல்லில் வராது. ஒரு டின்னை வாங்கிக்கொண்டு போய்க் கையில் கொடுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். சாறை எப்போது ஊற்றுகிறார்கள், எதைத் தொட்டுப் பார்க்கிறார்கள், காலி டப்பாவில் எவ்வளவு தண்ணீர் விட்டுக் குலுக்குகிறார்கள் என்று பாருங்கள்.